டீச்சர் பதில்கள்: ஒரே பெயரில் எத்தனை பேர்?

கேள்வி: டீச்சர், வணக்கம். குலசேகரம் பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர். மகள் எம்.எஸ்ஸி. சைக்காலஜி முடித்துவிட்டு பி.எச்டி.க்கு வழிகாட்டி தேடுகிறாள். ஒரு பேராசிரியரின் பெயரைப் போட்டுத் தேடினோம். அவர் எழுதியதாக வரும் கட்டுரைகளில் பாதி உளசிகிச்சை பற்றி. மிச்சத்தில் கொஞ்சம் திராட்சைக் கொடிக்கு வரும் நோய், கொஞ்சம் செடிகளின் மரபியல். ஒரே ஆள் இத்தனையும் செய்ய முடியுமா? ஏமாற்றுக்காரரோ என்று எனக்குப் பயம். மகளோ, “அப்பா, அவர் பெரிய மேதை” என்கிறாள். நீங்கள் காலேஜில் பாட்டனி எடுத்தவர், சொல்லுங்கள்.
— ஒரு தகப்பன், குலசேகரம்

பதில்: பெரும்பாலும் அது மூன்று ஆட்களாக இருக்கும், தம்பி. நீங்கள் பயப்பட வேண்டாம், மகளும் அவசரப்பட்டு மாலை போட வேண்டாம்.

நான் வகுப்பெடுத்த காலத்தில் ஒரே ஆண்டில் மூன்று மேரிகள் வந்து சேர்ந்தார்கள். மூவருக்கும் அப்பா பெயர் ‘ஜே’யில் தொடங்கும். வருகைப் பதிவேட்டில் ஜே. மேரி, ஜே. மேரி, ஜே. மேரி. நான் முளகுமூடு மேரி, புதுக்கடை மேரி, கருங்கல் மேரி என்று ஊரைச் சேர்த்துக் கூப்பிட்டேன், குழப்பம் தீர்ந்தது. கட்டுரைகளைத் தொகுக்கிற கணினிக்கு அந்த ஊர் தெரியாது. வெளிநாட்டு வழக்கப்படி பெயரின் கடைசித் துண்டைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, மற்றதை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிடும். நம்மில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அப்பா பெயர்தான் இனிஷியல். ஒருவர் அதை முன்னால் போடுவார். பாஸ்போர்ட் எடுத்தபின் அவரே அதை விரித்துப் பின்னால் போடுவார். ஒரே ஆள் இரண்டாகப் பிரிவதும் மூன்று பேர் ஒருவராகச் சேர்வதும் இப்படித்தான்.

இது எனக்கே நடந்தது. 1980களில் நான் வாழையின் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்தேன். காலையில் மட்டி வாழைக் கன்றைத் தோண்டி, வெள்ளை வெளேரென்று இருக்கும் இளவேரின் நுனியை ஒரு அரிசி அளவுக்கு வெட்டி எடுப்பேன். ஆல்கஹாலும் அசெட்டிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்று கலந்த குப்பியில் அதைப் போட்டு வைத்து, அப்புறம் அசெட்டோகார்மின் சாயத்தில் ஊறவைத்து, ஸ்லைடில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடிச் சில்லை மூடி, மை ஒற்றும் தாளை மடித்துப் போட்டுக் கட்டைவிரலால் ஒரே அழுத்து. விரல் கொஞ்சம் வழுக்கினாலும் செல்கள் சுருண்டு அன்றைய வேலை பாழ். சரியாக அழுத்திவிட்டால் மைக்ரோஸ்கோப்பில் சிவப்புச் சிவப்பாகக் குட்டிக் குச்சிகள் சிதறிக் கிடக்கும். மட்டியில் 22. ஏத்தனில் 33. எண்ணி முடிக்கும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதை இன்றைக்கும் மறக்கவில்லை.

அந்தக் கட்டுரைகளில் நான்கு, கல்யாணத்துக்கு முன் அப்பாவின் எழுத்தோடு வெளிவந்தவை. பின்னால் அலுவலகத்தில் கணவரின் எழுத்துக்கு மாற்றிப் பதிந்துவிட்டார்கள். பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தபோது, “இந்த நான்கும் வேறொரு பெண்மணி எழுதியவை” என்று திருப்பி அனுப்பினார்கள். நோட்டரி கையெழுத்து, கல்யாணச் சான்றிதழ் நகல் என்று பதினான்கு மாதம் அலைந்து என் வேர்நுனிகளை மீட்டேன். இப்போது தேடினால் என் பெயரின் கீழ் மீன் செவுளில் வாழும் ஒட்டுண்ணி பற்றி ஒரு கட்டுரை வருகிறது. நான் மீனைக் குழம்பில்தான் பார்த்திருக்கிறேன். எழுதிய பெண் எந்த ஊரோ, அவருடைய உழைப்பு என் கணக்கில் கிடக்கிறதே என்று மனசு கேட்பதில்லை.

இதற்காகத்தான் 2012இல் ஆர்கிட் (ORCID) என்று ஒரு எண் முறை வந்தது. 16 இலக்கம். ஆய்வாளர் தானே பதிந்து இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். பெயர் மாறினாலும் கல்லூரி மாறினாலும் எண் மாறாது. உங்கள் மகள் முதலில் அந்தப் பேராசிரியரின் ஆர்கிட் எண்ணின் கீழ் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கட்டும். எண் இல்லையென்றால் ஒவ்வொரு கட்டுரையிலும் பெயருக்குக் கீழே எந்தக் கல்லூரி, எந்த ஊர் என்று போட்டிருப்பதைப் பார்க்க வேண்டும். கூட எழுதியவர்கள் யார் என்பது அதைவிடப் பெரிய துப்பு. ஒரு மனிதர் ஊர் மாறுவார். கூட வேலை செய்பவர்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் மாறமாட்டார்கள்.

மூன்றும் ஒரே ஆளுடையதாக இருக்க வழியே இல்லை என்றும் சொல்லமாட்டேன். புள்ளியியல் படித்தவர்களின் பெயர் எல்லாத் துறையிலும் தென்படும், பெரும்பாலும் பெயர் வரிசையின் நடுவில். இதை நம் மண்ணில் வைத்தே சொல்கிறேன். உங்கள் விளை சரிவாகத்தான் இருக்கும், குலசேகரத்தில் சமதளம் எங்கே இருக்கிறது? ஒரு புது உரத்தைச் சரிவின் அடியில் உள்ள மரங்களுக்குப் போட்டு, மேலே உள்ளவற்றுக்குப் போடாமல் விட்டால், கீழே பால் கூடும். அது உரத்தினாலா, மழையில் மேல்மண் கரைந்து கீழே வந்து சேர்ந்ததாலா? சொல்ல முடியாது. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் 1919இல் வேலைக்குச் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர் இதற்கு ஒரு வழி கண்டார். நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரி. எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை உன் இஷ்டத்துக்கு விடாதே, சீட்டுக் குலுக்கிப் போடு. அதே குலுக்கல்தான் பிறகு மருத்துவத்துக்குப் போனது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்து 1948இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு அப்படிச் செய்யப்பட்டதுதான். அங்கிருந்து உளசிகிச்சைக்கு. யாருக்கு இப்போதே சிகிச்சை, யார் சில வாரம் காத்திருப்பது என்று குலுக்கிப் போட்டு இரண்டு கூட்டத்தையும் ஒப்பிடுவார்கள். வயலில் பிறந்த கணக்கு, மனநல மருத்துவர் அறை வரை வந்துவிட்டது. ஃபிஷர் மரபியலிலும் பெரிய ஆள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

துறை தாண்டியவர்களும் உண்டு. உளசிகிச்சையில் இன்றைக்கும் பேசப்படும் கார்ல் ரோஜர்ஸ், பன்னிரண்டு வயதிலிருந்து பண்ணையில் வளர்ந்தவர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முதலில் சேர்ந்ததே விவசாயம் படிக்கத்தான். வீட்டு நிலவறையில் போட்டு வைத்த உருளைக்கிழங்கு, தூரத்தில் உள்ள சின்ன ஜன்னல் வெளிச்சத்தை நோக்கி வெளிறிய முளையை நீட்டுவதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறார். நொந்துபோன மனிதர்களைப் பற்றிப் பேசும்போது வயதான பிறகும் அந்தக் கிழங்கைத்தான் சொன்னார்.

ஆகவே மகளிடம் சொல்லுங்கள்: பேராசிரியருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதி, “ஐயா, இவற்றில் உங்களுடையவை எவை?” என்று கேட்கட்டும். நல்ல ஆள் இதைக் கேட்டால் கோபப்படமாட்டார். நான் என்றால் மகிழ்ந்திருப்பேன்.

கேள்வி: வடசேரி சந்தையில் கறுப்புத் திராட்சை வாங்கினேன். மேலே சாம்பல் பூசினதுபோல் வெள்ளையாக இருக்கிறது. சில காம்புகளில் நீலமாகப் புள்ளியும் இருந்தது. மருந்தா? பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: பழம் முழுக்க ஒரே சீராக, விரலால் தேய்த்தால் போய்விடுகிற அந்த வெள்ளை, பழமே சுரக்கிற மெழுகு. ஈரம் உலர்ந்து போகாமல் காப்பது அதுதான். அது இருந்தால் பழத்தை அதிகம் கைபடாமல் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். காம்பில் திட்டாக இருந்த நீலம் துருசாக, அதாவது கொடி நோய்க்கு அடிக்கும் மயில்துத்தம் என்ற செம்பு மருந்தாக, இருக்கலாம். கொத்தைப் பிரித்து, ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டுக் கொடுங்கள்.

துருசு என்றதும் என் அப்பா நினைவு வருகிறது. இடவப்பாதி மழைக்கு முன்னால் ரப்பருக்குப் போர்டோ கலவை அடிப்பார். ஒரு கிலோ துருசைத் துணியில் முடிந்து தண்ணீரின் மேல்மட்டத்தில் தொங்கவிட்டுக் கரைப்பார். ஒரு கிலோ சுண்ணாம்பு வேறு பாத்திரத்தில். துருசுத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊற்றிக் கிண்டி, மொத்தம் நூறு லிட்டர். இரும்புப் பாத்திரத்தைப் பக்கத்திலேயே விடமாட்டார், ஆனால் பரிசோதிக்க மட்டும் தீட்டிய அரிவாளைக் கொண்டுவரச் சொல்வார். அதைக் கலவைக்குள் ஒரு நிமிடம் முக்கி எடுத்து வெயிலில் திருப்பிப் பார்ப்பார். அலகில் செம்பு நிறம் படிந்திருந்தால், “காணாது, இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போடு பிள்ளே” என்பார். அந்தச் செம்பு அப்படியே தங்கினால் இலை கருகிவிடும்.

இந்தக் கலவை பிறந்ததே திராட்சைத் தோட்டத்தில்தான். போர்டோ என்பது பிரான்சில் ஒரு ஊர். அங்கே சாலையோரக் கொடிகளில் போகிற வருகிறவர்கள் பழம் பறிக்காமல் இருக்க, பார்த்தாலே அருவருக்கும்படி துருசையும் சுண்ணாம்பையும் தெளித்து வைத்திருந்தார்கள். 1882இல் மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் அந்த வழியாகப் போனபோது, உள்ளே உள்ள கொடிகளெல்லாம் அடிச்சாம்பல் நோயில் இலை உதிர்ந்து நிற்க, தெளித்த சாலையோரக் கொடிகள் மட்டும் பச்சையாக இருப்பதைக் கவனித்தார். 1885இல் செய்முறையை வெளியிட்டார். ரப்பரின் இலையுதிர் நோய்க்கு நம் ஆட்கள் தெளிப்பதும் அதே கலவைதான்.

அந்த அடிச்சாம்பல் நோய் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதற்கு முன்பே அங்கிருந்து வந்த இன்னொன்று ஃபில்லாக்ஸெரா என்ற பொடிப் பூச்சி. வேரில் உட்கார்ந்து உறிஞ்சும். 1868இல் பட்டுப்போன கொடிகளைத் தோண்டிப் பார்த்து அதைக் கண்டுபிடிப்பதற்குள் தோட்டம் தோட்டமாக அழிந்துகொண்டிருந்தது. அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேருக்கு அந்தப் பூச்சியைத் தாங்கும் சக்தி உண்டு. அந்த வேரின் மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டித்தான் பிழைத்தார்கள். ரப்பர் நாற்றங்காலில் விதைக்கன்றின் மேல் நல்ல ரகத்தின் மொட்டை வைத்துக் கட்டுகிறோமே, அதைப் போலத்தான்.

முதல் கடிதத்தில் பேசிய பெயர்க் குழப்பம் திராட்சைக்கும் உண்டு என்பதை இங்கே சொல்லாமல் போக முடியவில்லை. ஒரே கொடிக்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கும். ஒரே பெயரில் நான்கு கொடிகள் இருக்கும். கலிஃபோர்னியாக்காரர்கள் தங்களுடையது என்று பெருமைப்பட்ட ஜின்ஃபண்டெல்லும் தெற்கு இத்தாலியின் ப்ரிமிடீவோவும் ஒன்றேதான் என்று டிஎன்ஏ சோதனை காட்டியது. அதன் பழைய வீட்டைத் தேடிப் போனவர்கள் 2001இல் குரோஷியாவின் கடலோரத்தில், வேறொரு பெயரில், கிழட்டுக் கொடிகளாக அதைக் கண்டுபிடித்தார்கள். அந்த வேலையைச் செய்தவர்களில் கரோல் மெரடித் ஒருவர். கபர்னே சாவின்யோன் என்ற புகழ்பெற்ற கறுப்புத் திராட்சையின் தாய் தகப்பனில் ஒன்று வெள்ளைத் திராட்சை என்று 1997இல் காட்டியவரும் அவர்தான். நம் வாழையில் செந்துளுவனுக்கும் ரசகதலிக்கும் ஊர் ஊராக எத்தனை பெயர்கள்! அவற்றையும் இப்படி ஒருவர் உட்கார்ந்து பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொரு பெயர்க் கதை. சைலெல்லா என்ற பாக்டீரியா திராட்சைக் கொடியின் தண்ணீர்க் குழாய்களை அடைத்துவிடும். கொடி வெயிலில் நின்று தாகத்தில் சாவதுபோல் சாகும். இதற்கு பியர்ஸ் நோய் என்று பெயர். வட அமெரிக்கக் காட்டுக் கொடி ஒன்றில் இதைத் தாங்கும் மரபணு இருந்தது. ஆண்ட்ரூ வாக்கர் என்ற பேராசிரியர் அதை நல்ல ரகங்களோடு தலைமுறை தலைமுறையாகக் கலந்தார். நாற்று விரல் அளவு இருக்கும்போதே இலையில் டிஎன்ஏ எடுத்து, அந்த மரபணு வந்திருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்கினார். பழம் வரும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. 2019இல் ஐந்து ரகங்கள் வெளியாயின. ஐந்தின் பெயரிலும் நடப்பது, உலாவுவது, அலைவது என்ற பொருள் இருக்கிறது. வாக்கர் என்றால் நடப்பவர் அல்லவா.

கேள்வி: டீச்சர், பச்சைத் திராட்சை, கறுப்புத் திராட்சை இரண்டு ஏன் இருக்கு?
— ஏழாம் வகுப்பு மாணவி, பூதப்பாண்டி

பதில்: கறுப்புதான் பழையது, மக்களே. நிறத்தைப் போடச் சொல்லும் மரபணு ஒன்றின் வாசலில், இடம் விட்டு இடம் குதிக்கும் டிஎன்ஏ துண்டு ஒன்று போய் உட்கார்ந்துகொண்டது. வாசல் அடைபட்டதும் உள்ளே இருந்து சத்தம் வரவில்லை, நிறமும் வரவில்லை. 2004இல் ஜப்பான்காரர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். டிஎன்ஏ துண்டுகள் இப்படிக் குதிக்கும் என்பதை 1940களிலேயே மக்காச்சோளத்தின் மணிகளில் உள்ள புள்ளிகளைப் பார்த்துச் சொன்னவர் பார்பரா மெக்ளின்டாக் என்ற பெண். பலர் நம்பவில்லை. 1983இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அப்போது அவருக்கு 81 வயது. 2007இல் திராட்சையின் மரபணுத் தொகுப்பு முழுவதையும் படித்தார்கள். பழப் பயிர்களில் அதுதான் முதல். அதில் சுமார் 30 ஆயிரம் மரபணுக்கள், மனிதனுக்கு உள்ளதைவிட அதிகம். அடுத்த முறை நீ ஒரு மக்காச்சோளக் கதிரைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு எழுது.

கேள்வி: எங்க அண்ணன் ஒக்கிப் புயலில் இரண்டு நாள் கடலில் கிடந்து உயிர் தப்பி வந்தவர். இப்போதும் கடலுக்குப் போகிறார். ஆனால் காற்றுச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்வார், ராத்திரி தூக்கம் இல்லை, யாரிடமும் பேச்சும் இல்லை. டாக்டர், உளசிகிச்சைக்குப் போங்கள், அங்கே பேசுவார்கள் என்றார். பேசினால் எப்படிச் சரியாகும்? பைத்தியம் என்று பெயர் வந்துவிடுமே என்று அண்ணி அழுகிறார்.
— ஒரு தங்கை, குளச்சல் அருகில்

பதில்: மகளே, 2017 நவம்பர் 30ஆம் தேதி நம் கடற்கரை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். கரையில் நின்றவர்களுக்கே இன்னும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது. அண்ணனுக்கு இருப்பது பைத்தியம் இல்லை. பெரிய ஆபத்திலிருந்து தப்பிய உடம்பு, ஆபத்து முடிந்துவிட்டது என்பதை இன்னும் நம்பவில்லை. வேறு பெயரை ஊர் வைத்தால் அது ஊரின் தப்பு.

பேச்சு எப்படி மருந்தாகும் என்று கேட்டது நியாயமான கேள்வி. படித்தவர்களே அதைக் கேட்டுச் சண்டை போட்டிருக்கிறார்கள். ஐசெங்க் என்ற உளவியலாளர், உளசிகிச்சையால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரமே இல்லை என்று 1952இல் எழுதினார். நல்லதுதான் செய்தார், அதன்பிறகுதான் எல்லோரும் ஒழுங்காகக் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள். ஸ்மித், கிளாஸ் என்ற இருவர் 1977இல் 375 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். சிகிச்சை பெற்ற சராசரி ஆள், பெறாதவர்களில் 75 சதவீதம் பேரைவிட நல்ல நிலையில் இருந்தார். குலசேகரம் தம்பிக்குச் சொன்னேனே, பாத்தி பிரித்து ஒப்பிடுவது, அதே வகைக் கணக்குதான் இது.

அண்ணனைப் போன்றவர்களுக்கு என்ன செய்வார்கள் என்றால், அந்த இரண்டு நாளையும் பத்திரமான ஒரு அறையில், அவர் தாங்குகிற வேகத்தில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல வைப்பார்கள். நினைக்கவே கூடாது என்று ஒதுக்குகிற நினைப்பு ராத்திரியில் கிளம்பி வரும். பகலில், ஒருவர் கூட இருக்க, திரும்பத் திரும்பச் சொல்லும்போது அது முடிந்துபோன சம்பவமாக ஆகிறது. வாரம் ஒரு முறை, பலருக்கு 8 முதல் 12 முறை போதும். சிலருக்கு மாத்திரையும் கூடவே வேண்டியிருக்கும், அதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

இன்னொன்று முக்கியம். எட்வர்ட் போர்டின் என்பவர் 1979இல் சொன்னது: சிகிச்சை தருபவரும் பெறுபவரும் எதற்காக இதைச் செய்கிறோம், எப்படிச் செய்கிறோம் என்பதில் ஒத்துப்போக வேண்டும், இருவருக்கும் இடையே ஒரு பிடிப்பும் வேண்டும். அது நன்றாக இருக்கும் இடத்தில் பலனும் கூடுதலாக இருப்பதைப் பின்னால் வந்த ஆய்வுகளும் காட்டின. நான்கு முறை போயும் அண்ணனுக்கு அந்த ஆளிடம் மனம் ஒட்டவில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள். ‘பேச்சு வைத்தியம் பலிக்கவில்லை’ என்று விட்டுவிடாதீர்கள். அங்கே பேசியது ஊருக்குள் வந்துவிடுமோ என்ற பயமும் அண்ணிக்கு இருக்கும். அறைக்குள் சொன்னதை, உயிருக்கு ஆபத்து போன்ற நிலை தவிர, வெளியே சொல்லக் கூடாது என்பது அவர்கள் தொழிலின் கட்டாயம்.

பணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். 14416 என்ற எண்ணில் டெலி மனஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். அண்ணன் பேச மறுத்தால் முதலில் நீங்களே கூப்பிட்டு என்ன செய்வது என்று கேளுங்கள். நேரில் பார்க்க ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வீட்டில் அவர் சாக வேண்டும் போல் பேசினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் அன்றே போங்கள்.

அண்ணியிடம் சொல்லும்போது தூக்கத்துக்கு வைத்தியம் என்று சொல்லுங்கள், அது உண்மைதான். முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். உள்ளே என்ன பேசினாய் என்று கேட்காதீர்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்து, அவர் வந்ததும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவரை உட்கார வைத்துக் கூட்டி வாருங்கள்.